குச்சியில் வருகிறது, நோட்டில் வரவில்லை

வணக்கம். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கழித்தலுக்கு ஈர்க்குச்சி கொடுத்தால் பிள்ளைகள் சரியாகச் செய்கிறார்கள். அதே கணக்கை நோட்டில் போடச் சொன்னால் 52 − 27 = 35 என்கிறார்கள். குச்சிக்குப் பதில் விளையாட்டு ரூபாய் நோட்டு கொடுத்துப் பார்க்கலாமா?

ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ரூபாய் நோட்டு இப்போது வேண்டாம். குச்சிக் கட்டைப் பிரித்தால் உள்ளே பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியும். பத்து ரூபாயைப் பிரிக்க முடியாது, சில்லறை மாற்றத்தான் முடியும். அது அடுத்த படி.

முதலில், குச்சியில் எப்படிச் சரியாக வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துக் கொட்டி, 27 எண்ணி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். விடை 25 வந்துவிடும். ஆனால் பத்து, ஒன்று என்ற பேச்சே அங்கே இல்லை. அதை எப்படி நோட்டில் எழுதுவது?

இன்னொரு கோளாறு நம் பக்கம். 52-ஐயும் 27-ஐயும் மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டுகிறோம். கூட்டலுக்கு அது சரி. கழித்தலில் 27 என்பது 52-க்குள்ளேயே இருக்கிறது. தனியாக வைத்தால் 2 உதிரியும் 7 உதிரியும் எதிரெதிரே நிற்கும், ஏழிலிருந்து இரண்டை எடுக்கத்தான் கை போகும். உங்கள் 35 அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே குழுவுக்கு 5 கட்டு, 2 உதிரி மட்டும் கொடுங்கள். 27 கரும்பலகையில் எண்ணாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளை கையில் குச்சி, இன்னொரு பிள்ளை கையில் நோட்டு. 7 எடுக்க உதிரி போதாது என்று தெரிந்ததும் ஒரே ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். உடனே கழிக்க விடாதீர்கள். "இப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். 42 என்பார்கள், 62 என்பார்கள். எண்ணிப் பார்த்து, அதே 52தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு, நோட்டு வைத்திருப்பவர் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12 என்று எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் 7 உதிரியையும் 2 கட்டையும் எடுப்பது. அடுத்த கணக்கில் வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

நடுநடுவே 47 − 23 போன்றவற்றையும் கலந்து போடுங்கள். இல்லாவிட்டால் தேவையே இல்லாமல் கட்டை அவிழ்க்கும் பழக்கம் வந்துவிடும்.

ஈர்க்கின் நுனிப்பகுதி உடையும், அடிப்பகுதியை மட்டும் நறுக்குங்கள். கட்டு ஒன்றில் 9 குச்சி இருந்தால் அன்றைய பாடம் போச்சு. தொடங்கும் முன் பிள்ளைகளையே எண்ணிக் கட்டச் சொல்லுங்கள்.

302 − 178 வரும்போது, நூறு உதிரியை மொத்தமாகக் கட்டி வைக்காதீர்கள். பத்துக் கட்டுகள் பத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். நூறை அவிழ்த்தால் 10 கட்டு வரும். அதில் ஒன்றை அவிழ்த்தால் 9 கட்டும் 12 உதிரியும் நிற்கும். நடுவில் இருந்த 0 எப்படி 9 ஆனது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.