சின்னக் கடைக்கு நிரந்தர வாடிக்கையாளர்களை எப்படிப் பிடிப்பது, எப்படித் தக்க வைப்பது?

திறப்பு விழாத் தள்ளுபடிக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேரை அடுத்த மாதம் காணோம், மதுரையில் கடை வைத்திருக்கும் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன கடை என்று எழுதவில்லை. நான் மதுரையிலிருந்து தேனி போகும் ரோட்டில், செக்கானூரணி பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன், உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

விலை குறைவு என்று வந்தவர் அடுத்த தடவையும் விலை குறைவான இடத்துக்குத்தான் போவார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அவரைத் திரும்ப இழுக்க இன்னொரு தள்ளுபடி போட்டீர்கள் என்றால், முதல் நாளிலிருந்து முழு விலை கொடுத்து வாங்குகிறாரே, அவர் மனசு கசந்துபோகும். "புதுசா வர்றவுகளுக்கு மட்டுந்தான் குறைப்பீகளாக்கும்?" என்று கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், பேசாமல் கடை மாறிவிடுவார்கள். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருந்தால் அதைப் பழைய ஆளுக்கே கொடுங்கள். தீபாவளிக்கு எண்ணெய் வாங்க வரும் பழைய வாடிக்கையாளர் பையில் ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெயை நான் சும்மா வைத்துவிடுவேன். அதற்கு விளம்பரம் கிடையாது.

என் அனுபவத்தில் ஆட்கள் நிலைப்பதற்குப் பெரிய காரணம், நம் கணக்கு அவர்களுக்குத் தெரிவதுதான். எங்கள் தொழிலில் முதல் கேள்வியே, "பாக்கெட்ல இம்புட்டுக் கம்மியா விக்கிறான், நீங்க மட்டும் ஏன்ணே இம்புட்டுச் சொல்றீங்க?" என்பது. இதற்கு "எங்களுது சுத்தமானது" என்று பதில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாக் கடைக்காரனும் அதைத்தானே சொல்கிறான். நான் கணக்கைச் சொல்லுவேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 300 ரூபாய். புண்ணாக்கு சுமார் 1.4 கிலோ மிஞ்சும், கிலோ 45 ரூபாய்க்கு மாட்டுக்காரர்கள் எடுத்தால் 63 ரூபாய் திரும்பி வரும். மீதி 237 ரூபாய். அதன் மேல் கரண்டு, ஆள் கூலி, பாட்டில், வாடகை, என் வயிற்றுப்பாடு. இதைக் கேட்டவர் அன்றைக்கு வாங்காமல் போனாலும் வீட்டில் போய்ச் சொல்லுவார். பருப்பு விலைக்கும் கீழே யாராவது 'செக்கு எண்ணெய்' என்று விற்றால் அவருக்கே சந்தேகம் வரும். நாம் ஒருவரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

அளவு விஷயமும் அப்படித்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, சுமார் 910 கிராம்தான் இருக்கும். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் பிடிக்கும். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒன்றாக நினைத்து ஒப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். விலைப் பலகையில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன், தராசும் வாங்குகிறவர் பக்கம் பார்த்து இருக்கும். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடுவோம், அப்போதுதான் எண்ணெய் நன்றாகப் பிரியும், புண்ணாக்கும் கட்டும். உள்ளே ஒரு ரூமில் வைத்து இதைச் செய்தால் 'என்னமோ கலக்குறாங்க' என்ற பேச்சு வந்துவிடும். செக்கு வாசலில் ரோட்டைப் பார்க்க ஓடுகிறது. கடலை எந்தக் கிழமை, எள்ளு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நின்று பார்க்கலாம், வாசம் பிடிக்கலாம். சொந்தக் கடலை கொண்டுவந்தால் கூலிக்கும் ஆட்டித் தருகிறோம். கூலியில் பெரிய லாபம் இல்லை. ஆனால் தன் கடலைக்கு எவ்வளவு எண்ணெய் இறங்கியது என்று கண்ணால் பார்த்த விவசாயி ஊருக்குள் போய்ப் பேசுகிற பேச்சுக்கு எந்த நோட்டீசும் ஈடாகாது. புது ஆட்களில் பாதிப்பேர் எங்களுக்கு அப்படி வந்தவர்கள்தான்.

உங்கள் தொழிலிலும் வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு கணக்கு கட்டாயம் இருக்கும். தையல் கடை என்றால் எத்தனை மீட்டர் துணி எதற்குப் போகிறது என்பது. சுங்குடிச் சேலை என்றால் கையால் முடிச்சுப் போட்டதற்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தொழில் ரகசியம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்து வாங்குகிறவர்தான் அஞ்சு ரூபாய்க்காக வேறு கடைக்கு ஓடமாட்டார்.

குறை சொல்லி வருகிறவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒரு அம்மா வடை சுட்டிருக்கிறார், எண்ணெய் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. மிச்ச எண்ணெயோடு வந்து, "என்ன தம்பி, சோப்புத் தண்ணியா ஊத்திக் குடுத்த?" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். செக்கு எண்ணெய் சுத்திகரிக்காதது, அதில் இருக்கிற ஈரமும் பசையும் சூட்டில் நுரைக்கத்தான் செய்யும். இதை வாயால் சொன்னால் சமாளிப்பது மாதிரி இருக்கும். ஸ்டவ்வைப் பற்றவைத்து, அவர் கொண்டுவந்த எண்ணெயையே காயவைத்து, சின்னப் புளி உருண்டை ஒன்றைப் போட்டு, அது கருகியதும் எடுத்துவிட்டு அப்பளம் பொரித்துக் காட்டினோம். நுரை அடங்கியிருந்தது. "எங்க ஆத்தாகூட இப்படித்தேன் புளி போடும், மறந்தே போச்சு" என்றார். இப்போது அவர் தெருவுக்கே அவர்தான் எங்களுக்காகப் பேசுகிறார். குறை சொல்ல வருகிறவர் நம்மை இன்னும் விட்டுவிடவில்லை என்று அர்த்தம். அவரிடம் வாதம் பண்ணாதீர்கள். காறல் வாடை அடிக்கிறது என்று யாராவது வந்தால் மோந்து பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்துவிடுவேன். வெயிலில் வைத்தீர்களா, மூடியைத் திறந்தே வைத்தீர்களா என்ற விசாரணையெல்லாம் மாற்றிக் கொடுத்த பிறகு, அடுத்த தடவைக்கான யோசனையாக மட்டும் வரவேண்டும்.

விலை ஏறும் காலம்தான் பெரிய சோதனை. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடிபட்டது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் கொஞ்ச நாள் நிறுத்தியது. 2024 செப்டம்பர் 14-இல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு மத்திய அரசு 20 சதவீத அடிப்படைச் சுங்க வரி போட்டது, தீபாவளிக்கு ஏழு வாரம்கூட இல்லாத நேரம். நம்ம எண்ணெய் கப்பலில் வருவதில்லை. இருந்தாலும் பாக்கெட் எண்ணெய் ஏறினால் கடலை வியாபாரியும் விலையைத் தூக்குவார். இந்த மாதிரி நேரத்தில் பழைய விலைக்கு வாங்கிய பருப்பு தீரும்வரை பழைய விலைதான் எங்கள் கடையில். புது மூட்டை எந்தத் தேதியில் பிரிக்கிறோம், அன்றிலிருந்து என்ன விலை என்று பலகையில் முன்னாடியே எழுதிவிடுவோம். இறங்கும்போதும் அதேபோல் எழுதிக் குறைக்க வேண்டும். ஏற்றுவதற்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இறக்குவதற்குத்தான் மறந்துபோகிறது, ஜனங்கள் அதை நன்றாகக் கவனிக்கிறார்கள்.

கடன் விஷயத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் தவணை வையுங்கள். 500 ரூபாய் பாக்கி நின்றுவிட்டால் அந்த மனுஷர் நம் வாசலைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகப் போவார். பணமும் போகும், ஆளும் போவார். எங்களிடம் புண்ணாக்கு வாங்கும் மாட்டுக்காரர்களுக்குச் சொசைட்டியில் பால் பணம் விழுகிற அன்றைக்குத் தருவது என்று பேச்சு. சம்பளக்காரர்களுக்கு முதல் வாரம். அவரவருக்குக் காசு வருகிற நாளை ஒட்டித் தவணை வைத்தால் கேட்கிற நமக்கும் கூச்சமில்லை, கொடுக்கிற அவருக்கும் சங்கடமில்லை.

வாட்ஸப்பைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பிராட்காஸ்ட் போட்டால், நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் முதல் தடவை வாங்கும்போதே பதியச் சொல்லுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்பாதீர்கள். பங்குனி, சித்திரையில் மாங்காய் ஊறுகாய் போடும் சமயம், கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின வாரம், தீபாவளி என்று வீட்டில் எண்ணெய் தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் ஒரு வரி அனுப்பினால் போதும், படிப்பார்கள்.

சொன்ன நாளில் சொன்ன சாமானைக் கொடுப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். அவர் பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்ற பேச்சு நூறு வருஷம் தாண்டியும் நம் ஊரில் இருக்கிறது. எவ்வளவு டிக்கெட் என்று யாருக்கும் ஞாபகமில்லை, நேரத்துக்கு வந்ததைத்தான் சொல்கிறார்கள். எண்ணெய் தெளிய இன்னும் ஒரு நாள் ஆகும் என்றால் முதல் நாள் சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிவிடுவோம். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டு வெறும் கையோடு திரும்புகிறவரிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது.

இவ்வளவும் நீங்கள் கல்லாவில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் என்றால் பிரயோஜனமில்லை. கடைப் பையனுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். யார் எப்போது எந்த எண்ணெய் வாங்குவார் என்று ஒரு நோட்டில் எழுதி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு லிட்டர் வரைக்கும் உங்களைக் கேட்காமலே மாற்றிக் கொடுக்கலாம் என்று அனுமதியும் கொடுத்துவிடுங்கள். "முதலாளி வரட்டும்க்கா" என்று சொல்லி அவன் யாரையும் திருப்பி அனுப்பும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.