மாற்றிக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டால்

பிறந்தபோது பெண் என்று பதிவாகி, இப்போது தன்னைத் திருநம்பி, அதாவது ஆண், என்று சொல்லும் 16 வயதுப் பையன், ‘மாற்றிக் கொடுங்கள் டாக்டர்’ என்று கெஞ்சும் பெற்றோர், மனநல மேற்படிப்பில் இதற்கென ஒரு வகுப்புகூட நடக்கவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் அந்த ‘மாற்றும்’ பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் அதற்குத் தடை போட்டது, மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. பெற்றோரிடம் இதைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11ஐயும் ஒருமுறை புரட்டுங்கள், திருநம்பியாக இருப்பது அதன் மனநோய்ப் பட்டியலிலேயே இல்லை.

அப்புறம் பையனைத் தனியாக உட்கார வைத்து, எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், அதை வீட்டார் முன்னால் சொல்லலாமா என்று கேளுங்கள். டோக்கன் கூப்பிடுபவரிடமும் சொல்லி வையுங்கள். வெளியே பழைய பெயரைக் கத்திவிட்டால், உள்ளே நீங்கள் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டான். தற்கொலை எண்ணம் பற்றி மட்டும் முதல் நாளே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.