பள்ளிக் கட்டட நிதி திரட்டும் முன் சாத்தியக்கூறு ஆய்வு அவசியமா?

3 கோடியில் வகுப்பறைக் கட்டடம், வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பழைய மாணவர்கள், ஆளுக்கு 30,000 போட்டால் முடிந்தது, இதற்கு எதற்கு ஆய்வு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகுத்தல் கணக்கு இருக்கிறதே, அதற்காகவே ஆய்வு வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று அறிவித்துவிட்டால் பெரும்பாலானோர் 2,000, 3,000 அனுப்புவார்கள். 30 லட்சம் தரக்கூடியவரும் 30,000-த்தோடு ஒதுங்கிக்கொள்வார்.

கட்டட நிதி மேலிருந்துதான் நிரம்பும். 3 கோடிக்குத் தோராயமாக 60 லட்சம் தர ஒருவர், 30 லட்சம் தர இருவர், 15 லட்சம் தர நால்வர், 5 லட்சம் தரப் பத்துப் பேர் வேண்டும். இந்தப் பதினேழு பேரிடமே 2 கோடியே 30 லட்சம் வந்துவிடும். மீதி 70 லட்சத்துக்குத்தான் மற்ற எல்லோரும். மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் தேறுவார் என்று வைத்தால், சுமார் ஐம்பது பெயர்கள் கையில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

முதலில் இரண்டு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள்: ஏன் இந்தக் கட்டடம், எத்தனை அறைகள், பொறியாளரின் உத்தேச மதிப்பீடு, பணத்தை யார் கையாள்வார்கள். அதை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, 25 முதல் 35 பேரை நேரில் பார்த்து முக்கால் மணி நேரம் பேச வேண்டும். பேசுபவர் வெளியாளாக, ஓர் ஆலோசகராக இருக்கட்டும். தாளாளரோ தலைமையாசிரியரோ போனால் "ரொம்ப நல்ல காரியம் சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. யார் என்ன சொன்னார் என்பது நிர்வாகத்துக்குப் போகாது என்று உறுதி கொடுத்தால்தான், நிர்வாகத்தின் மேல் உள்ள பழைய மனக்கசப்புகள் வெளியே வரும். கூகுள் ஃபார்ம் இதற்கு உதவவே உதவாது.

இந்தச் சந்திப்பில் பணம் கேட்கக் கூடாது. மேலே சொன்ன தொகைப் பட்டியலை மேசையில் வைத்து, "இதில் உங்களுக்குத் தோதான வரிசை எது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். "மேல இருக்கிறதெல்லாம் யாரு தருவாங்க?" என்றால் அவர் மேல் வரிசையில் தன்னைப் பார்க்கவில்லை. "செக்ல யாரு கையெழுத்துப் போடுறது? ஆடிட்டர் யாரு?" என்று துருவுகிறவர்தான் தருபவர். "பாக்கலாம்" என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

கூடவே வரி, சட்ட விவரமும் தெரிந்துவிடும். நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு தரும் அனுமதி (80ஜி எனப்படுவது) உள்ள அறக்கட்டளை என்றாலும் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதுவும் இல்லை. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவு (அல்லது முன் அனுமதி) வேண்டும். அந்தப் பணம் எஸ்பிஐ-யின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். உங்கள் பெரிய தொகைகள் இப்படி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து வர வேண்டியவையாக இருந்து, பதிவும் இல்லையென்றால், 3 கோடி காகிதத்தில்தான்.

ஆலோசகருக்குச் சம்பளம் முன்கூட்டிப் பேசிய தொகையாக இருக்கட்டும். வசூலில் சதவீதம் என்றால் அவர் அறிக்கை எப்போதும் "தாராளமாக முடியும்" என்றுதான் வரும். நல்ல அறிக்கை சில சமயம் 1 கோடியே 80 லட்சம்தான் தேறும் என்று சொல்லும். அப்போது இலக்கைக் குறைத்துத் தரைத்தளம் மட்டும் கட்டுங்கள். ஆனால் அஸ்திவாரமும் தூண்களும் மேல் தளங்களுக்கும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு அடித்தளத்தைப் பலப்படுத்தப் போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.