வாசகர் கேள்வி – பதில்: மேலே ஈரம், கீழே புழுதி

கேள்வி: அண்மையில் பெய்த மழையை நம்பி அயலவர் பலர் நெல் விதைத்துவிட்டனர். எனது மானாவாரி வயலிலும் மேல்மண் நனைந்திருக்கிறது. இப்போதே விதைக்கலாமா?
– வாசகர், கைதடி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வயலின் நான்கைந்து இடங்களில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். மேலே கறுத்து நனைந்த மண் எந்த இடத்தில் முடிந்து, வெளிறிய புழுதி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஈரம் நான்கு விரற்கடைக்குள் நின்றிருந்தால் அது விதையை முளைக்கவைக்கும். வேர் இறங்குவதற்குப் போதாது. ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கில், 10 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்பில் ஏறத்தாழ 2,500 லீற்றர் நீரைக் கொட்டுகிறது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த நிலம் அதை மேற்படையிலேயே உறிஞ்சிக்கொள்ள, சில நாள் வெயிலும் காற்றும் அதிற் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும்.

புழுதி விதைப்பு நமக்குப் புதிதல்ல. நன்கு காய்ந்த மண்ணுக்குள் மூடிக் கிடக்கும் நெல் அடுத்த மழைவரை பொறுத்திருக்கும். எறும்பும் குருவியும் கொஞ்சம் தின்னும், அவ்வளவே. முளைவிட்ட பின் காய்ந்த நெல்லோ மீளாது. ஆகவே முழுப் புழுதியிலும் விதைக்கலாம், ஒரு சாண் ஈரத்திலும் விதைக்கலாம். உங்கள் வயலில் இப்போதிருக்கும் அரை ஈரத்தில்தான் விதைக்கக் கூடாது. அயலவரைப் பார்த்து விதைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அவர்களது வயல் பள்ளக்காணியாக இருந்து, ஓடிவந்த வெள்ளம் அங்கே தங்கியிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே விதைத்தவர்கள் மறுவிதைப்புக்குக் கொஞ்சம் விதைநெல்லை ஒதுக்கி வைப்பது நல்லது.

கேள்வி: எங்கள் செம்மண் தோட்டத்தில் வெங்காயம், மிளகாய் எல்லாம் கிணற்று இறைப்பில்தான். கிணறு வற்றாதவரை மழை பிந்துவதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?
– வாசகி, உரும்பிராய்

பதில்: கிணற்றில் நீங்கள் காண்பதும் முன்னைய மாரி மழைதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, கனமான உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீரின் உயரம் ஒரு மீற்றர் குறைந்தால், கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழக்கூடும் என்பது நீரியலாளரின் கணக்கு. ஆகவே கிணறு வற்றுவதற்கு முன்பே நீர் சவர்க்கத் தொடங்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இறைத்த நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கழுவிக் கீழே இறக்குவது பெருமழையே. அதுவரை ஒரே மூச்சில் இறைக்காமல், நீர் ஊற இடைவெளி விட்டு இறையுங்கள். பாத்திகளுக்குக் குழையோ வைக்கோலோ பரப்புங்கள். கிணற்றை மேலும் ஆழமாக்கும் எண்ணமிருந்தால் அதைக் கைவிடுங்கள், உவர்நீர் இன்னும் கிட்டவாகிவிடும்.