ஒருபக்க ஏடு: வெறிபிடித்த ரசிகர் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஹட்டனில் பல வருடம் வீடியோ கடை வைத்திருந்தேன். கேசட்டில் தொடங்கி டிவிடியில் முடிந்தது. கடையை மூடியும் படம் பார்க்கிற பழக்கம் போகவில்லை. போன வாரம் ஷாருக் கானின் 'ஃபேன்' பற்றி நாலு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு, நட்சத்திரத்தைத் துரத்தும் ரசிகனை வைத்து எடுத்த திரில்லர்கள் பற்றிக் கேள்விகளாக அனுப்பிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'ஃபேன்' பார்க்காதவர்கள் முதல் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், பாதிக் கதை அதில் இருக்கிறது.

தலவாக்கலை: அண்ணே, 'ஃபேன்' படத்துல அவன் கேட்டது அஞ்சே அஞ்சு நிமிஷம். ஸ்டார் அதைக் குடுத்திருந்தா பிரச்சினையே வந்திருக்காதே? தப்பு யார் மேல?

தம்பி, இந்தக் கேள்வியை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பார்த்து மறந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஏப்ரலில் வந்த படம், இயக்கம் மனீஷ் சர்மா. ஆர்யன் கன்னா என்ற நட்சத்திரமும் டெல்லியில் சைபர் கஃபே நடத்தும் கௌரவ் என்ற ரசிகனும் ஷாருக் கானேதான். முகம் கொஞ்சம் ஒத்துப்போவதால் கௌரவ் பேட்டைப் போட்டியில் ஆர்யன் மாதிரி ஆடிப் பரிசு வாங்குகிறான். அந்தக் கோப்பையைக் கொடுக்க மும்பைக்குப் போகிறான். டிக்கெட் எடுக்காமல்தான் போகிறான், ஏனென்றால் ஆர்யனும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனாராம். பார்க்க முடியவில்லை. ஆர்யனோடு மோதிய இன்னொரு நடிகரை அடித்து, மன்னிப்புக் கேட்கவைத்து, அதை வீடியோவாக்கி அனுப்புகிறான். அவன் நினைப்பில் அது பிறந்தநாள் பரிசு. ஆர்யன் அவனைப் பொலிஸில் பிடித்துக்கொடுக்கிறார். லாக்கப்பில் நேரில் வந்து, என் வாழ்க்கை என்னுடையது, உனக்கு ஏன் அஞ்சு விநாடிகூடத் தரவேண்டும் என்று கேட்கிறார்.

கொடுத்திருந்தால் முடிந்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர் பேர் பதியும் ஏட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதற்காகக் கணக்கப்பிள்ளையோடு எத்தனையோ சண்டை நடந்திருக்கும், ஆனால் இரண்டு பேரும் சண்டை போடுவது ஒரே ஏட்டை வைத்து. கௌரவ் வைத்திருக்கும் ஏடு அப்படியல்ல. அவனே எழுதி அவனே கூட்டியது. சுவர் முழுக்கப் படம் ஒட்டியதற்கு ஒரு பேர், டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதற்கு ஒரு பேர், இன்னொருவனை அடித்ததற்கு டபுள் பேர். இப்படி ஒரு ஏடு இருப்பதே ஆர்யனுக்குத் தெரியாது. அஞ்சு நிமிடம் கொடுத்திருந்தால் அது வட்டிக்குப் போயிருக்கும், முதல் அப்படியே நின்றிருக்கும்.

நிஜத்தில் நடந்ததையும் சொல்கிறேன். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைச் சுட்டவன் அதே நாள் மாலையில் அவரிடமே இசைத்தட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கியவன். லெனன் மறுக்கவில்லை, நின்று போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்று இரவு அவர் வீடு திரும்பும்போது அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். 1980 டிசம்பர் 8.

அதற்காக ஆர்யனை நல்லவர் என்று சொல்லவில்லை. லாக்கப்புக்கு நேரில் வந்தது அவருடைய கர்வம். படமும் இடைவேளைக்குப் பிறகு லண்டன், டுப்ரோவ்னிக் என்று ஓட ஆரம்பித்து மூச்சு வாங்குகிறது. லாக்கப் காட்சியோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

பண்டாரவளை, ஆசிரியை: 'மிசரி' படத்தில் ஒரு வீடு, இரண்டு பேர், அவ்வளவுதான். ஆனால் அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. ஏன்?

டீச்சர், அந்தப் படத்தில் நான் ஐம்பது தடவையாவது பார்த்த சாமான் ஒன்று இருக்கிறது, ஒரு பீங்கான் பென்குயின். கார் விபத்தில் கால் முறிந்த எழுத்தாளர் பால் ஷெல்டன், தன்னைக் காப்பாற்றிய ரசிகை ஆனி வில்க்ஸின் வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறார். அவள் வெளியே போன நேரம் சக்கர நாற்காலியில் அறையைவிட்டு வருகிறார். மேசையில் இருக்கும் பென்குயின் தட்டுப்பட்டு விழப்போகிறது. பிடித்துத் திருப்பி வைக்கிறார். நமக்கும் அப்பாடா என்றிருக்கிறது. ஆனால் திசை மாறிவிட்டது. அந்தப் பென்குயின் எப்போதும் தெற்கைத்தான் பார்க்கும் என்று ஆனி பிறகு சொல்கிறாள், கத்தவே இல்லை, பால்மா முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்கிறாள். அதன் பிறகுதான் சம்மட்டி.

தூக்கம் கெடுவதற்குக் காரணம் அந்தக் குரல் என்பேன். ஆனி ஒரு நர்ஸ். சூப் கொடுக்கிறாள், மருந்து கொடுக்கிறாள், கட்டுப் போடுகிறாள். கவனிப்பும் தண்டனையும் ஒரே கையிலிருந்து வருகின்றன. நோயாளி வீட்டில் அன்பின் பெயரால் அதிகாரம் பண்ணும் உறவுக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்தானே? கேத்தி பேட்ஸ் இதற்குத்தான் ஆஸ்கார் வாங்கினார். ஸ்டீபன் கிங்கின் 1987 நாவலில் அந்த இடத்தில் சம்மட்டி கிடையாது, கோடாலி. காலையே வெட்டிவிடுகிறாள். 1990-ல் ராப் ரைனர் படமாக்கியபோது எலும்பை உடைப்பதோடு விட்டார்கள். நான் படத்தின் பக்கம். வெட்டினால் கண்ணை மூடிக்கொள்வோம், உடைக்கிறபோது நம் கணுக்காலே கூசுகிறது.

இன்னொன்று. ஆனிக்குப் பிடித்தது பாலின் கதாநாயகி மட்டும்தான். அந்தப் பாத்திரத்தைச் சாகடித்தார் என்பதுதான் அவர் செய்த குற்றம். பாலைப் பிடிக்கும் என்று அவள் சொல்வதெல்லாம் அந்தக் கதை தொடர்கிறவரைக்கும்தான்.

மஸ்கெலியா: ஐயா, எங்கள் அம்மா காலத்தில் இலங்கை வானொலிக்குப் போஸ்ட்கார்ட் போட்டுப் பாட்டுக் கேட்பார்கள். அப்படி வானொலி நேயரை வைத்துப் படம் உண்டா?

உண்டு, அதுவும் அருமையான படம். 1971-ல் வந்த 'ப்ளே மிஸ்டி ஃபார் மி'. கிளின்ட் ஈஸ்ட்வுட் முதன்முதலில் இயக்கியது, அறிவிப்பாளராக நடித்ததும் அவரே. இரவு நிகழ்ச்சிக்கு ஒரு பெண் போன் பண்ணி 'மிஸ்டி' என்ற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பிறகு ஆளையும் தேடி வருகிறாள்.

உங்கள் அம்மா காலத்தை எனக்கும் தெரியும். வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி தொடங்கினால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கோடி காம்பிராவிலிருந்து மறு கோடி வரை ஒரே பாட்டு. அறிவிப்பாளர் நம் தோட்டத்துப் பெயரை வாசித்துவிட்டால் அன்றைக்குக் கொழுந்து மலையில் அதுதான் பேச்சு. பெயர் வாசிக்கப்பட்டவர் தனியாளாகச் சந்தோஷப்பட முடியாது, தோட்டமே பங்கு கேட்கும். அந்தப் படத்துப் பெண்ணுக்குப் பங்கு கேட்க ஒருவரும் இல்லை.

நாவலப்பிட்டி: எம்.ஜி.ஆர் எங்க ஊர்ப் பக்கம் பிறந்தவர். எங்க தாத்தா அவர் படத்துக்குச் சூடம் காட்டுவார். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் எங்களைப் பைத்தியம் என்று சொல்வதுபோல இருக்கிறதே?

1917-ல் நம் மலைநாட்டில் பிறந்தவர் என்பதில் எனக்கும் பெருமைதான். என் வீட்டிலும் முருகனுக்குப் பக்கத்தில் அவர்தான் தொங்கினார்.

தாத்தாவுக்கும் இந்தப் படங்களில் வருகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மன்றம். மன்றத்தில் கேலி பண்ண நாலு பேர் இருப்பார்கள். "தலைவர் உன்னைத் தேடித்தான் வர்றாராம், போய் முகத்தைக் கழுவு" என்று எவனாவது சொல்வான். 'தி கிங் ஆஃப் காமெடி' படத்தில் ராபர்ட் டி நீரோ நிலவறையில் அட்டையில் வெட்டிய பிரபலங்களோடு உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பார். மாடியிலிருந்து அம்மா சத்தம் போடுவது மட்டும்தான் வெளியுலகம். (அந்தக் குரல் இயக்குநர் ஸ்கோர்செஸியின் சொந்தத் தாயாருடையது.) ஆனால் கூட்டம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர் இறந்தபோது தமிழ்நாட்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் தீக்குளித்தவர்கள் உண்டு.

கொட்டகலை, மாணவி: மாமா, இது ஒரு நோயா? பெயர் இருக்கிறதா?

ஒருவகைக்கு இருக்கிறது, எரோட்டோமேனியா என்பார்கள். ஒரு பெரிய மனிதர் தன்னை இரகசியமாகக் காதலிக்கிறார் என்று அசைக்க முடியாமல் நம்புவது. பிரெஞ்சு மருத்துவர் க்ளெராம்போ 1921-ல் விரிவாக எழுதியதால் அவர் பெயராலும் சொல்வார்கள். இந்த நம்பிக்கையில் மறுப்பும் சம்மதமாகத் தெரியும். "முகத்தைத் திருப்பிக்கிட்டாரா? அப்ப மற்றவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

நாம் எல்லோரும் செய்வது வேறு. டிவியில் தினம் வருகிறவரை நமக்குத் தெரிந்தவர்போல நினைக்கிறோம். அந்த ஒருவழி நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அது நோயல்ல. நடிகர் படத்தைப் போன் முகப்பில் வைத்திருக்கிற அண்ணனை உடனே டாக்டரிடம் இழுத்துப் போகாதீர்கள். சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் கெட்டு, இல்லாத பதில்கள் கேட்க ஆரம்பித்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.

ஊர் வேண்டாம்: அண்ணா, நான் கோயில் திருவிழாக்களில் பாடுவேன், யூடியூபிலும் போடுவேன். ஒருவர் தினமும் நாற்பது மெசேஜ் அனுப்புகிறார். பதில் போடாவிட்டால் கோபம். போன கிழமை பஸ் ஹோல்ட்டில் நின்றார். படத்தில் வருவதுபோல ஆகிவிடுமா?

தங்கச்சி, படத்தை விடுங்கள். ஒரே ஒரு தடவை, தெளிவாக, காரணம் சொல்லாமல், வேண்டாம் என்று எழுதுங்கள். "இப்போதைக்கு", "மன்னிக்கவும் அண்ணா" இரண்டும் வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கூடப் பதில் போடக்கூடாது. முப்பத்தொன்பது மெசேஜுக்குப் பேசாமல் இருந்துவிட்டு நாற்பதாவதில் "தயவுசெய்து விடுங்க" என்று எழுதினால், நாற்பது அனுப்பினால் ஒரு பதில் கிடைக்கும் என்று அவருக்கு விலை சொல்லிக்கொடுத்த மாதிரி.

எதையும் அழிக்காதீர்கள். திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவர் போனிலும் வையுங்கள். வீட்டில் சொல்லுங்கள். "நீ ஏன் பாடப் போனாய்" என்று யாராவது தொடங்கினால், சொல்லக்கூடிய வேறு ஆளைப் பிடியுங்கள். பஸ் ஹோல்ட் வரை வந்துவிட்டதால் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1938 மகளிர் உதவி இலக்கமும் இருக்கிறது.

பாடிய இடத்தை அங்கிருந்தே போடாதீர்கள், வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். 1989-ல் ரெபேக்கா ஷேஃபர் என்ற 21 வயது அமெரிக்க நடிகையை வீட்டு வாசலிலேயே ஒரு ரசிகன் சுட்டுக்கொன்றான். துப்பறிவாளர் ஒருவரைப் பிடித்து வாகனத் திணைக்களப் பதிவிலிருந்து முகவரியை எடுத்திருந்தான். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் பின்தொடர்தலுக்கு எதிராகச் சட்டம் வந்தது. இன்றைக்குத் துப்பறிவாளர் எதற்கு? வீடியோவில் பின்னால் தெரிகிற தேயிலை ஸ்டோரும் கோயில் கோபுரமும் போதும்.

பதுளை: அனிமே ஏதாவது? தங்கையோடு பார்க்கலாமா?

சத்தோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ', 1997. பாட்டுக் குழுவைவிட்டு நடிக்க வரும் ஒரு பெண், தன் பெயரில் யாரோ இணையத்தில் எழுதும் நாட்குறிப்பைப் படிக்கிறாள். ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதுகூட அதில் இருக்கிறது. கார்ட்டூன்தானே என்று தங்கையை உட்காரவைத்துவிடாதீர்கள், பெரியவர்களுக்கான படம்.

ஹட்டன்: தமிழில் ஏன் இப்படி ஒரு படம் இல்லை?

காதல் வெறி நம்மிடம் நிறைய இருக்கிறது. 'குணா', 'காதல் கொண்டேன்' எல்லாம் அந்த வகை. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது, 2003-ல் பாலு மகேந்திரா எடுத்த 'ஜூலி கணபதி' 'மிசரி'யைத் தழுவியதுதான், ஆனால் அதில் ரசிகை பிடித்துவைப்பது ஓர் எழுத்தாளரை. சினிமா நட்சத்திரத்தின் ரசிகனையே வில்லனாக்கக் கை வராது. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுப்பவனே அவன்தானே. மலையாளத்தில் 2019-ல் 'டிரைவிங் லைசன்ஸ்' கிட்டே போனது. லைசன்ஸ் அவசரமாகத் தேவைப்படும் நடிகர், அவருடைய பரம ரசிகரான வாகனப் பரிசோதகர், மகன் கண்முன் ஓர் அவமானம். அந்த ரசிகர் கத்தி எடுக்கவில்லை, சட்டப் புத்தகத்தை எடுத்தார்! திரில்லர் அல்ல, ஆனால் பாருங்கள்.

டிக்கோயா: கடையில் இப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா அண்ணே?

ஒருவர் இருந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார், அதே படத்தின் கேசட்தான் எடுப்பார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் டேப் தேய்ந்து, அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். திரும்பி வந்த கேசட்டை ஓட்டிப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். பொதுவாகச் சண்டை, இல்லாவிட்டால் பாட்டு. இவர் கேசட்டில் கோடு விழுந்தது வேறோர் இடத்தில். கடைசியில் கதாநாயகன் கெமராவைப் பார்த்துக் கைகூப்புவார், நாலு விநாடிகூட இருக்காது. அந்த இடத்தில்.

மெட்ராஸுக்குக் கடிதம் போட்டுப் போட்டு ஒருநாள் பதிலும் வந்தது. கையெழுத்திட்ட போட்டோ. கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். கை நடுங்கியது. நான் விரலை எச்சில் தொட்டுக் கையெழுத்தின் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்தேன், மை கலையவில்லை. படத்தோடு சேர்த்து அச்சடித்தது. "எழுத்து அழகா இருக்கில்லண்ணே?" என்றார். ஆமாம் என்றேன்.

அதே டிக்கோயா தம்பி: அப்புறம் அவரிடம் எப்பவாவது சொன்னீங்களா?

இல்லை. அவர் யாரையும் துரத்தவில்லை, பிறகு கொழும்பில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு முன் அவர் அம்மாவின் கருமாதிக்குப் போனேன். புது வீடு, ஆனால் போட்டோ வந்துவிட்டது. கண்ணாடி போட்டு, ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். வெயில் பட்டு முகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கையெழுத்து மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது.