அம்மா அறையில் விமானம்

கேள்வி: எனக்கு வயது 46. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. ரிமோட்டில் பறக்கும் பெரிய மாடல் விமானங்கள் செய்து பறக்கவிடுவது என் பொழுதுபோக்கு. 2.2 மீட்டர் இறக்கையும் 50 சிசி பெட்ரோல் என்ஜினும் கொண்ட ஒன்று, போன மாதம் நெல்லிக்குப்பம் பக்கம் இறங்கும்போது காற்று தள்ளி கரும்புத் தோட்டத்தில் விழுந்து நொறுங்கியது. அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். லட்ச ரூபாய் போன கோபத்தில் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. வீட்டில் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. அம்மா அறையில்தான் வேலை செய்கிறேன், அம்மா காற்று வருகிறது என்று ஹாலில் படுத்துக்கொள்கிறார். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: குடி இல்லை, சீட்டு இல்லை என்று வரும் கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன். புறாப் பந்தயம், பழைய புல்லட், கேமரா என்று பொருள்தான் மாறும். உங்கள் மனைவி விஷயத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த அறைக்கு வாருங்கள்.

ஹாலில் காற்று வருகிறது என்று அம்மா சொன்னாராம். வேறு என்ன சொல்வார்? பிள்ளையிடம் இடம் கேட்கக் கூசும் தலைமுறை அது. ராத்திரி டிவி அணையும்வரை அவர் படுக்க முடியாது. காலையில் பால்காரர் வருவதற்குள் பாயைச் சுருட்டியாக வேண்டும். குளித்துவிட்டு வந்து எங்கே நின்று புடவை மாற்றுகிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? வீட்டில் உங்கள் படுக்கையறை என்று ஒன்று இருக்குமே, அங்கே ஏன் இறக்கையை வைக்கவில்லை?

என் அக்கா மகனுக்கும் இதே பைத்தியம். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “பேட்டரிக்கு எங்கே சார்ஜ் போடுகிறார்?” என்றுதான் முதலில் கேட்டான். என்ஜின் பெட்ரோலில் ஓடினாலும் ரிமோட் கருவிகளுக்குப் பேட்டரி வேண்டுமே. விழுந்து அடிபட்ட லித்தியம் பாலிமர் பேட்டரி, பார்க்க நன்றாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அதற்குத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாதாம். கூடவே பெட்ரோல், தின்னர், பால்சா என்ற லேசான மரக்கட்டை. கதவுக்கு வெளியே வயதான மனுஷி தூங்குகிறார். யாருக்கும் இடைஞ்சல் இல்லையாம்!

அடுத்து அவன் சொன்னது உங்களுக்குப் பிடிக்காது. இறங்குவதற்காகத் திரும்பும் நேரத்தில் காற்று பின்னாலிருந்து அடித்தால், தரையில் நிற்பவர் கண்ணுக்கு விமானம் வேகமாகப் போவதுபோலத் தெரியும். அதை நம்பி என்ஜின் வேகத்தைக் குறைத்து, இறுக்கித் திருப்பினால் ஒரு பக்க இறக்கை சரிந்து விமானம் மண்ணுக்குத்தான் வரும். உங்களுடையதும் அப்படிப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறான். கடற்கரை ஊரில் பொழுது ஏற ஏறக் கடல்காற்று கிளம்பும் என்பது தெரியாதவரா நீங்கள்? கை செய்த தப்புக்குக் காற்றின்மேல் பழி.

வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்குப் பணக் கோபம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் வாயால் சொன்ன ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹாலில் சுருட்டி வைத்த பாயைத்தான். மகன் விமானம் செய்கிறான் என்றா பேசுவார்கள்? மருமகள் கிழவியை ஹாலுக்குத் தள்ளிவிட்டாள் என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சை அவர் தனியாகச் சுமக்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

விமானத்தை விடச் சொல்லவில்லை. கையால் ஒன்றைச் செய்து பறக்கவிடுவது நல்ல காரியம்தான். 2021 ட்ரோன் விதிகளும் 25 கிலோவரை உள்ளதை மாடல் விமானமாக ஏற்கின்றன, கண்ணுக்கெட்டிய தூரத்தில் பொழுதுபோக்காகப் பறக்கவிட்டால். அதை வீட்டில் எங்கே வைப்பது என்று அரசாங்கம் சொல்லாது, நான் சொல்கிறேன். இவ்வளவு பெரிய மாடல்களில் இறக்கை பெரும்பாலும் இரண்டாகக் கழன்று வரும். கழற்றி, துணி உறை போட்டு உங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள். வாசலில் தகரம் இறக்கி மேசை போடுங்கள். பேட்டரிக்கு அங்கேயே, பக்கத்தில் இருந்து பார்த்தபடி சார்ஜ் போடுங்கள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அம்மாவின் கட்டிலை நீங்களே தூக்கிப் போடுங்கள். “பரவாயில்லைடா, ஹாலே போதும்” என்பார். காதில் வாங்காதீர்கள்.

அம்மா அங்கே ஒரு மாதம் படுத்த பிறகும் மனைவி பேசவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அதுவரை அடுத்த விமானத்துக்கு ஒரு பால்சா குச்சிகூட வாங்க வேண்டாம்.