மானியமும் சன்மானமும்

கேள்வி: அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) எந்த விவசாயிக்கு எவ்வளவு அரசு மானியம் போனது என்று பெயரோடு இணையத்தில் பார்க்கலாமாமே? நம் ஊரிலும் அப்படிப் போட்டு, மானியம் வாங்குகிற போலிகளின் மானத்தை வாங்கினால் என்ன? (என் பெயர் வேண்டாம்.)
- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஊரார் பெயரையெல்லாம் போடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒளித்துக்கொண்டீர்கள். போகட்டும், 'மானத்தை வாங்கினால்' என்று எழுதினீர்களே, அதற்காக மன்னித்தேன். மானியம், வெகுமானம், சன்மானம் மூன்றும் மானத்தின் வயிற்றில் பிறந்தவை. விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் போடும் பி.எம். கிசான் சம்மான் நிதித் திட்டத்தின் பெயரில் வருகிற 'சம்மான்' நம் சன்மானமேதான். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. கணக்குப் போட்டால் விவசாயிக்கு மாதம் 500 ரூபாய் மரியாதை. நான் சிரிக்க முடியாது. நாங்கள் எழுத்தாளர்களுக்கு அனுப்பும் சன்மானம் அதைவிடக் குறைவு, தவணைத் தேதி என்ற தொந்தரவும் எங்களுக்குக் கிடையாது. (சென்ற இதழில் கவிதை எழுதியவர் இதைப் படித்ததும் போனை எடுக்க வேண்டாம். கணக்கர் லீவு.)

அமெரிக்கப் பட்டியல் உண்மைதான். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அரசிடமிருந்து தகவல் கேட்டு வாங்கி, கவுண்டி வாரியாகப் போட்டுவைத்திருக்கிறது. அதனால் யார் மானம் போயிற்று? டெக்சாஸில் எல் காம்போ பக்கம் பழைய நெல் வயல்களை மனை போட்டு விற்றார்கள். முன்னால் பங்களா, பின்னால் புல்வெளி, மேய ஒரு குதிரை. அங்கே என்றோ நெல் விளைந்த கணக்கு இருந்ததால், ஒரு மணி விதைக்காமலே வீட்டுக்காரருக்கு வருடாவருடம் மானியம். ஊர்க்காரர்கள் அந்த மனைகளுக்கு வைத்த பெயர் 'கௌபாய் ஸ்டார்ட்டர் கிட்', அதாவது கௌபாய் ஆவதற்கான ஆரம்பப் பெட்டி. 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியது. இதில் திருட்டு எதுவும் இல்லை, 1996 விவசாயச் சட்டமே அப்படி. அந்த நேரடிப் பணத்தை நிறுத்த 2014 ஆகிவிட்டது.

இன்னொரு கணக்கு. 1999 முதல் 2005 வரை 1,72,801 இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் போயிருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே சொன்னது. அந்தப் பணத்தில் 40 சதவீதம், இறந்து மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆனவர்கள் பெயரில் போனது. இங்கே என் மாமனார் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருடாவருடம் கைரேகை வைக்கிறார், இயந்திரம் அவரை நம்ப மறுக்கிறது.

நம் ஊரிலும் பட்டியல் இருக்கிறது ஐயா. பி.எம். கிசான் தளத்தில் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். அது இருந்தும்தான் 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் கணக்கில் 110 கோடி ரூபாய் விழுந்தது. (அங்கே டாலர், இங்கே ரூபாய். 110 மட்டும் மாறவில்லை.) எனக்கு உறுத்துவது பட்டியலில் இல்லாத பெயர். உங்கள் பக்கத்தில் குத்தகைக்கு உழுகிறவர் எத்தனை பேர்! பட்டா சென்னையில் இருப்பவர் பேரில் இருந்தால் பணமும் சென்னைக்குத்தான் போகும். நடவு நேரத்தில் சேற்றில் நிற்கிறவருக்கு அந்த 500 ரூபாய் மரியாதையும் கிடையாது.

எங்கள் பட்டியலையும் போடச் சொல்வீர்கள், தெரியும். சன்மானம் வாங்கியவர்கள் பெயருக்கு இந்தப் பக்கத்தின் ஓரம் போதும். வாங்காதவர்களுக்குத் தீபாவளி மலர்தான் போட வேண்டும்.